லிஃப்ட்காரருக்கு விழுந்த சிவப்புப் புள்ளி

தண்ணீர் அலுவலகத்தின் கூட்ட அறையில் இருந்த பெரிய மேசையை ஒரு திங்கட்கிழமை நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மேசைக்கு ஒரு குறையும் இல்லை. கால் ஆடவில்லை, பலகை விரிசல் விடவில்லை. அலுவலக வலைத்தளத்தில் ஏற்றி வைத்திருந்த அதன் படத்தை யாருமே பார்ப்பதில்லை என்று சிஸ்டம் அதற்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டது, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அதிகாரிகள் ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள். பழக்க தோஷத்தில் ஒருவர் டம்ளரை நடுவில் வைக்கப் போய், அது நேரே தரைக்குப் போனது.

சிரியுங்கள் கண்ணுகளா, அதில் தப்பில்லை. அடுக்கியும் அன்றைக்கு வாய்விட்டுத்தான் சிரித்தாள்.

அடுக்கி என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். வலைத்தளத்துக்குப் போகிற படங்கள், விண்ணப்பங்கள், அறிவிப்புகள் எல்லாவற்றையும் ஏற்றி, பெயர் வைத்து, ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்குவது அவள் வேலை. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வருகிற ஃபைல்களின் பெயரைப் பார்த்தால் உங்களுக்கே தலை சுற்றும். 'கடைசி' என்று ஒன்று வரும். மறுநாள் 'கடைசிக்குக் கடைசி' வரும். அதற்கு மறுநாள் 'இதுதான் கடைசி சத்தியமாக' வரும். அப்புறம் 'மன்னிக்கவும் புதுசு' என்று ஒன்று வரும். இத்தனையையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவள் அவள்.

மேலாளருக்கு இந்தக் கூளத்தைப் பார்த்து ஒருநாள் கோபம் வந்தது. வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அந்த மனிதர் எதைச் சொன்னாலும் "சுத்தம்" என்று முடிப்பார். அதனால் வந்த அன்றே அவருக்குச் சுத்தம் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் கொண்டுவந்த சிஸ்டம்தான் சிவப்புப் புள்ளி வைத்தது. வெளியாள் கண்ணில் படாத ஃபைல் எதுவானாலும் புள்ளி. வருகிற வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து மாலை வரை சிஸ்டம் விழித்திருந்து பார்க்கும். அதற்குள் ஒருவர் கண்ணிலாவது பட்டால் புள்ளி போய்விடும். படாவிட்டால் ஃபைல் போய்விடும்.

படம் போனால் போகட்டும் என்று விடுவதற்கில்லை. மேலாளர் ஒரு விதி போட்டு, அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வாசலில் மாட்டியிருந்தார்: 'வலைத்தளத்தில் இருப்பதே அலுவலகத்தில் இருப்பது.' மேசை போனது அந்த விதியால்தான். வெள்ளிவரை பொறுக்க அவருக்கு மனசில்லை.

அன்று சாயங்காலம் அடுக்கி புள்ளி விழுந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். உடைந்த குழாய் ஒன்று. பழைய விண்ணப்பம் ஒன்று. அதற்கும் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையை நீட்டிக்கொண்டு சிரிக்கிற அவள் புருஷன்.

அவர் அதே அலுவலகத்தில் லிஃப்ட்காரர். லிஃப்ட் நின்று வருஷக்கணக்காகிறது. அதைச் சரிசெய்யவும் யாருக்கும் தோன்றவில்லை, அவரை எழுந்திரு என்று சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. கதவைத் திறந்து வைத்து, விளக்கைப் போட்டு, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவசரமாக ஓடிவந்து உள்ளே ஏறுகிறவர்களிடம், "இது போகாது. படிக்கட்டு அந்தப் பக்கம். கொஞ்சம் உக்காந்து மூச்சு வாங்கிட்டுப் போங்க" என்று கையைக் காட்டுவார். உட்காருவதற்காகவே இன்னொரு ஸ்டூலும் வைத்திருந்தார். அலுவலக அட்டைக்குப் படம் எடுக்க வந்தபோதுகூட லிஃப்டை விட்டு இறங்க மாட்டேன் என்றதால், கை காட்டுகிற மாதிரியே படம் விழுந்துவிட்டது.

அந்த அலுவலகத்து வாசலில் ஒரு தடவைக்கு ஒரே ஆள் நுழைகிற சுழல்கதவு. அட்டையைக் காட்டினால் சிஸ்டம் போய்ப் படத்தைத் தேடும். படம் இருந்தால் கதவு சுழலும், இல்லாவிட்டால் ஆள் வெளியே.

வீட்டுக்குப் போனதும் அடுக்கி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "உங்களுக்குச் சிவப்புப் புள்ளி விழுந்திருக்கு."

"எங்க?" என்று அவர் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"சட்டையில இல்ல. சிஸ்டத்துல."

"அப்போ துவைக்க வேண்டியதில்ல."

"விளையாடாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க மூஞ்சி யாராவது கண்ணுல படணும். இல்லன்னா படம் போயிடும், படம் போனா அட்டை போயிடும், அட்டை போனா நீங்க வீட்டுலதான்."

"என் மூஞ்சிய நீ தினமும் பாக்கறியே."

"ஆபீஸ் ஆளு பார்த்தா கணக்கில்ல. வெளியாள் பார்க்கணும்."

"வெளியாளுக்கு என் மூஞ்சி எதுக்கு?" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

அவர் வீட்டிலிருந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். லீவு நாளில்கூட மனிதர் துணி அலமாரிக்குள் பாதி, வெளியே பாதியாக ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அவள் புடவை எடுக்கப் போனால், "எந்த மாடி?" என்பார். ஒருநாளைக்கு அது வேடிக்கை. ஆயுசுக்கும் அலமாரியில் உட்கார்ந்தால் மனுஷன் உள்ளுக்குள்ளேயே ஒடுங்கிப்போவார். அவரை அந்த லிஃப்டிலேயே உட்கார வைத்துவிட வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் முதல் வேலையாக, குழாய்க் கசிவு பற்றிய பக்கத்தில் அவர் படத்தைச் சேர்த்தாள். கசிகிற குழாய்க்குப் பக்கத்தில் பொருத்தமாகத்தான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் பொறியாளர் போன் செய்தார்.

"அம்மா, குழாய்ல தண்ணி பீச்சி அடிக்குது. ஒருத்தர் அதைக் கைகாட்டிச் சிரிச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருக்காரே, யாரு அவர்?"

"கவனிச்சுக்கறவர் சார்."

"கவனிச்சது போதும், எழுந்து அடைக்கச் சொல்லுங்க! ஊர்ல என்ன கேப்பாங்க?"

எடுத்துவிட்டாள். பிறகு மேல்நிலைத் தொட்டி பக்கத்தில், தொட்டியின் உயரம் தெரியட்டும் என்று அவரை அருகில் உட்கார வைத்தாள். அதே பொறியாளர் மறுபடியும் போன் செய்தார்.

"தொட்டி அவர் முழங்கால் உயரம்தான் இருக்கு! ஊருக்கே இதுலேர்ந்துதான் தண்ணின்னு சொன்னா எவன் நம்புவான்?"

அதையும் எடுத்தாள். வேறு வழியில்லாமல் நாத்தனாரிடம் போனாள். லிஃப்ட்காரரின் அக்கா அதே கட்டடத்தில் விளம்பரப் பிரிவின் தலைவி. 'எங்கள் குழு' என்ற பக்கம் அந்த அம்மாளின் கையில் இருந்தது. அதைப் பார்க்க ஊர்க்காரர்கள் வருவார்கள்; யாரிடம் புகார் சொல்வது என்று முகம் தேடித்தான் வருவார்கள், இருந்தாலும் வருவார்கள்.

"அக்கா, அந்தப் பக்கத்துல ஒரு ஓரமா அவரைப் போடுங்களேன்."

"யாரை?"

"உங்க தம்பியைத்தான்."

"அதுல யார் யார் இருக்காங்கன்னு பார்த்தியா? எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு ஜன்னலைப் பார்த்து நிக்கறாங்க. இவன் ஸ்டூல்ல உக்காந்திருக்கான்."

"எழுந்து நிக்கச் சொல்றேங்க்கா."

"ஃபோட்டோவுல எங்கேர்ந்துடி எழுந்து நிப்பான்? ஓடாத லிஃப்டுக்கு ஒரு ஆளுன்னு ஊருக்கே பலகை மாட்டச் சொல்றியா?"

"சின்ன வயசுல இடுப்பை விட்டு இறக்காம அவரைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சீங்கன்னு சொல்வீங்களே."

"அப்போ அவன் ஒருத்தன்தான். இப்போ பதவி வேற இருக்கு. ரெண்டையும் தூக்க எனக்கு இடுப்பில்ல" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்திருக்க வேண்டும்.

அடுக்கி இருக்கைக்குத் திரும்பி வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டாமலேயே வலைத்தளத்தின் முகவரியைத் தட்டினாள். நடுவில் ஏதோ எழுத்து தப்பிவிட்டது. வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது. 'நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை' என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. சுற்றிலும் அத்தனை இடம் காலியாகக் கிடந்தது. வீட்டு மனை பார்க்கப் போனவள் போல அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது யாரோட பக்கம்?" என்று சுத்தம் சாரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அது இல்லாத பக்கம்மா. தப்பான முகவரி போட்டா இது வரும். இல்லாததுக்கு யாரு சொந்தம் கொண்டாடுவா?"

"நான் கொண்டாடலாமா?"

"தாராளமா. ஆனா ஒண்ணு, வழி தவறி வர்றவங்க கண்ணுலதான் இது படும். நம்ம தளத்துல யாரும் வழி தவற மாட்டாங்க. அவ்வளவு சுத்தம்."

அவள் புருஷன் படத்தை அந்தப் பக்கத்தின் நடுவில் வைத்தாள். இருந்த வரியை எடுத்துவிட்டு, அவர் தினமும் சொல்வதையே அச்சுத் தமிழில் எழுதினாள்: 'இது போகாது. படிக்கட்டு அந்தப் பக்கம். கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போங்கள்.' அவர் கை நீண்டிருந்த பக்கத்தில், வலைத்தளத்தின் முதல் பக்கத்துக்குப் போகிற இணைப்பைக் கொடுத்தாள். பார்க்க அழகாக இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. வியாழன் முழுக்கப் புள்ளி அப்படியே சிவந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எல்லா ஃபைலையும் புதிதாக அடுக்க வேண்டும். "உங்களுக்குப் புரியற வரிசையில அடுக்குங்க, சுத்தமா இருந்தா போதும்" என்று சுத்தம் சார் சொல்லியிருந்தார். அதுவரை எல்லாம் வருஷம், மாசம் என்று பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அடுக்கிக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை. மாசத்தைச் சொல்லி யாரையாவது தேட முடியுமா? உறவைச் சொன்னால்தானே ஆள் கிடைக்கும்?

அதனால் அவள் உறவுமுறைப்படி அடுக்கினாள். முதலில் எடுத்த படமெல்லாம் 'மூத்தவர்கள்'. அதைச் சுருக்கியது, வெட்டியது எல்லாம் 'பிள்ளைகள்'. இரண்டு படத்தை ஒட்டி ஒன்றாக்கியிருந்தால் 'சம்பந்திகள்'. மறந்துபோய் ஒரே படத்தை இரண்டு தடவை ஏற்றியிருந்தால் 'இரட்டையர்'. 'கடைசி' என்று பெயர் வைத்தவை எல்லாம் 'கடைக்குட்டிகள்', அதில் கூட்டம் தாங்கவில்லை. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று யாருக்குமே தெரியாத படங்களை 'கல்யாணத்துக்கு வந்தவர்கள்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டாள். தன் படத்தை 'மருமகள்கள்' ஃபோல்டரில் முதல் ஆளாக வைத்தாள். பக்கங்களையும் அப்படியே பிரித்தாள். இல்லாத பக்கம் மட்டும் எந்த உறவிலும் சேரவில்லை. அதையும் அதிலிருந்த புருஷனையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புது ஃபோல்டர்களுக்கு நகர்த்தி முடித்தாள்.

இங்கேதான் கண்ணுகளா அவள் கோட்டை விட்டது. ஒரு ஃபைலுக்கு அது இருக்கிற ஃபோல்டர்தான் தெரு, வீடு, கதவு எண் எல்லாம். மற்ற பக்கங்கள் அந்தப் பழைய முகவரியை வைத்துத்தான் அதைத் தேடிவரும். அடுக்கி எல்லோரையும் உறவோடு உறவாகப் புது வீட்டில் குடிவைத்தாளே தவிர, வீடு மாறிய சேதியை யாருக்கும் சொல்லவில்லை. ஊரில் யார் எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் அது பழைய வீட்டுக் கதவைத் தட்டி, ஆளில்லை என்று திரும்பியது. திரும்பியதெல்லாம் எங்கே போகும்? இல்லாத பக்கத்துக்குத்தான்.

புதுக் குழாய் இணைப்பு கேட்டவர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். கசிவுக்குப் புகார் எழுத வந்தவள் லிஃப்ட்காரரைப் பார்த்தாள். மேலாளரின் வாழ்த்துச் செய்தியைத் திறந்தவரும் லிஃப்ட்காரரைத்தான் பார்த்தார். அவர் கை காட்டிய இடத்தைத் தட்டினாலும் அவரே வந்து நின்றார். சிஸ்டம் மதியத்திலிருந்து மாலைவரை கண் கொட்டாமல் பார்த்தது. வெளியாள் கண்ணில் பட்ட ஃபைல் ஒன்றே ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்து, வாரிக் குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல லிஃப்ட்காரர் முதல் ஆளாக வந்து அட்டையைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது, கதவு சுழன்றது, உள்ளே போனார். பின்னால் வந்த அடுக்கிக்குக் கதவு அசையவில்லை. அவள் படமும்தானே குப்பையில்? அவளுக்குப் பின்னால் பொறியாளர், நாத்தனார், கணக்குப் பிரிவு, எழுத்தர்கள் என்று வெளியே வரிசை நீண்டது. கடைசியில் மேலாளர் கார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வரிசை விலகி வழிவிட்டது. அட்டையைக் காட்டினார். கதவின் மேலிருந்த சின்னத் திரையில் எழுத்து ஓடியது: 'நீங்கள் இங்கே இல்லை.'

"இல்லையா? நான் இங்கதானே நிக்கறேன்!"

அவரே போட்ட விதி, சட்டத்துக்குள்ளிருந்து அவரைப் பார்த்தது.

நாத்தனார் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு கூப்பிட்டாள். "தம்பி! கண்ணு! அக்காடா! கதவைத் திறடா!"

லிஃப்ட்காரர் ஓடிவந்தார். கதவைத் தள்ளிப் பார்த்தார். அவருக்குச் சுழன்ற கதவு இப்போது கல்லாக நின்றது. "இது போகாதுக்கா" என்றார் வருத்தமாக. பழக்கத்தில் கையும் நீண்டது. "படிக்கட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"சார், வெளியிலேர்ந்து சரிபண்ண முடியாதா?" என்று யாரோ சுத்தம் சாரைக் கேட்டார்கள்.

"முடியாது. உள்ள இருக்கற கம்ப்யூட்டர்லதான் முடியும். பாதுகாப்புக்காக நானேதான் அப்படி..." என்றவர் 'சுத்தம்' என்று முடிக்காமல் விட்டது அன்றுதான்.

அதற்குள் ஊர்க்காரர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் போனை எல்லோரிடமும் நீட்டினாள். "இவரைத்தான் பார்க்கணும். வெள்ளிக்கிழமையிலேர்ந்து எதைத் தட்டினாலும் இவர்தான் வர்றார். வேற யாருமே இந்த ஆபீஸ்ல இல்லையாமே?"

அடுக்கியின் இருக்கை தரைத்தளத்தில், ஜன்னலோரம். நல்லவேளை. அவள் சுற்றிக்கொண்டு போய் ஜன்னல் கம்பி வழியாகக் கத்தினாள். "ஏங்க! இங்க வாங்க! என் நாற்காலியில உக்காருங்க!"

"எதுக்கு? என் ஸ்டூல் இருக்கே."

"உக்காருங்கன்னா! அந்த எலியைப் பிடிச்சு நகர்த்துங்க. திரையில குப்பைக்கூடை தெரியுதா? அதை அமுக்குங்க."

அவர் பிறந்ததிலிருந்து கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. லிஃப்ட் பொத்தானை அமுக்குகிற மாதிரி, ஒரு தடவை அமுக்கிவிட்டு, அது மேலே வரட்டும் என்று காத்திருந்தார். குப்பைக்கூடை திறந்துகொண்டது.

"ஐயோ, எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்காங்களா! யாரை முதல்ல கொண்டு வரட்டும்?"

வெளியே எல்லோரும் ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். "என்னை" என்றார் மேலாளர். "கூடப் பிறந்தவளை விட்டுடாதடா" என்றாள் நாத்தனார்.

"என்னைக் கொண்டு வாங்க" என்றாள் அடுக்கி. "மத்தவங்களை நான் பார்த்துக்கறேன். 'மருமகள்கள்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும், பாருங்க. மேலேர்ந்து முதல் ஆளு."

அவர் தேடினார். திரையில் அவள் முகத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எதையும் அமுக்காமல் இருந்தார்.

"என்ன ஆச்சு?"

"இந்தப் படத்துல நல்லா இருக்கே நீ."

"அப்புறமா பாருங்க! 'மீட்டெடு'ன்னு இருக்கும், அமுக்குங்க!"

அமுக்கினார். அவளுக்குக் கதவு சுழன்றது. கூட்டம் கைதட்டியது. இருக்கையில் உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாக மேலாளரைப் பார்த்தாள்.

"சார், மறுபடியும் வெள்ளிக்கிழமை வரும். புள்ளியும் வரும். உங்களுக்கும் வரலாம்."

மேலாளர் வெயிலில் நின்றுகொண்டு யோசித்தார். நிறைய யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "புள்ளியே வேணாம்மா. அதை எடுத்துடு. வாசல் சட்டத்தையும் கழட்டிடு."

அவள் ஒவ்வொருவராக மீட்டாள். சுத்தம் சார் தன் படத்தை இரண்டு தடவை ஏற்றியிருந்தார். 'இரட்டையர்' ஃபோல்டரிலிருந்து இரண்டும் எழுந்து வந்ததால், கதவு அவருக்காக இன்னொரு சுற்றுச் சுற்றி அவரை மறுபடி தெருவிலேயே விட்டது. மேலாளரைத்தான் எங்கே தேடியும் காணவில்லை.

"என்னை எங்கம்மா வச்சே?" என்றார் அவர், குரல் இறங்கி.

அவள் தயங்கினாள். "கல்யாணத்துக்கு வந்தவங்களோட சார்."

"யார் கல்யாணம்?"

"உங்க படம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல சார். அதான்."

அவர் உள்ளே வரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நேரே அறைக்குப் போய்விட்டார்.

முகவரிகளையெல்லாம் புது வீட்டோடு சேர்த்துவைக்க அடுக்கிக்கு அந்த மாதம் முழுவதும் ஆனது. இப்போது ஊர்க்காரர்கள் தேடுகிற பக்கம் தேடிய இடத்தில் கிடைக்கிறது. ஆனாலும் சிலர் வேண்டுமென்றே ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டி அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். நாத்தனார் ஒருநாள் இருக்கைக்கே வந்து, "அந்த இல்லாத பக்கத்துல இன்னும் இடம் இருக்கா? ஓரமாப் போதும்" என்று கேட்டாள். "பார்க்கறேங்க்கா" என்றாள் அடுக்கி. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

மேசை மட்டும் வரவில்லை. படத்தை மீட்டுவிட்டாள், மேசை எங்கே போனது என்றுதான் தெரியவில்லை. அதனால் கூட்டம் இன்றைக்கும் அந்த வெறும் இடத்தைச் சுற்றியே நடக்கிறது.

அப்படி ஒரு நீளமான கூட்டம் முடிந்த பிற்பகலில், மேலாளர் மடிக் காகிதங்களை அள்ளிக்கொண்டு வந்து லிஃப்டுக்குள் நுழைந்தார். லிஃப்ட்காரர் எழுந்தார்.

"இது போகாது சார். படிக்கட்டு அந்தப் பக்கம்."

"தெரியும்" என்றார் மேலாளர், இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "விளக்கைக் கொஞ்சம் குறைங்க. மூச்சு வாங்கிட்டுப் போறேன்."